அடுத்த வருசமும் ஆடி வரும்

எங்கள் அச்சகத்தில் வேலை பார்த்த பையன் பாலிடெக்னிக்கில் சேரப் போகட்டுமா என்று கேட்டான். "சீசன் முடியட்டும்பா, அடுத்த வருசம் போயிக்கலாம்" என்றேன். அவன் மறுத்துப் பேசவில்லை. "அடுத்த வருசமும் ஆடி வரும்ல, அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு, மெஷினுக்குத் தாள் ஊட்டும் ஃபீடருக்குப் போய்விட்டான்.

ஆடிப் பதினெட்டுக்கு மாதிரிக் காலண்டர்கள் அடங்கிய ஆல்பம் போட்டுவிட்டால் மார்கழி வரை சிவகாசியில் மெஷின் நிற்காது. பாலிடெக்னிக் சேர்க்கையும் அந்தச் சமயத்தில்தான். பன்னிரண்டாவது முடித்தவனை நேரே இரண்டாம் வருடத்தில் சேர்த்துக்கொள்வார்கள். தரமணியில் அச்சுத் தொழிலுக்கென்றே அரசுப் படிப்பு இருக்கிறது. டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் வழி உண்டு. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். அவன் விசாரித்து வந்து சொன்னபோது, புதிதாகக் கேட்பவன் மாதிரி நின்றேன்.

நான் விடாததற்குக் காரணம் அவன் கை. எங்களுடையது இரண்டு கலர் மெஷின். கறுப்பும் சயான் நீலமும் இன்று, மெஜந்தாச் சிவப்பும் மஞ்சளும் நாளை. நடுவில் இருக்கும் அந்த ஒரு ராத்திரியில் ஆடிக் காற்று தாளின் ஓர ஈரத்தை உறிஞ்சிவிடும். ஓரம் சுருங்கும், நடுப்பகுதி அப்படியே இருக்கும். மறுநாள் நடுவில் ரிஜிஸ்டர், அதாவது நிறத்தின் மேல் நிறம், சரியாக உட்கார்ந்தால் ஓரத்தில் அரை மில்லிமீட்டர் விலகி, படத்து அம்மன் வளையலுக்கு இரட்டைக் கோடு விழும். தாளைப் பக்கவாட்டில் நிறுத்தும் சைடு லேயை எவ்வளவு திருகினாலும் தீராது. ஐப்பசி மழையில் தலைகீழ்: ஓரம் ஈரம் குடித்து அலை அலையாக நெளியும். முதல் ஓட்டம் முடிந்த கையோடு அடுக்கைப் பாலிதீன் தாளால் பலகை வரை சுற்றிக் கட்டியது அவன்தான். யாரும் சொல்லித் தரவில்லை. அவன் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிறவர். வீட்டில் பெட்டியும் ஒட்டுவார்கள். காற்றில் கிடந்த அட்டை வளைவதைப் பார்த்தே வளர்ந்தவன்.

கண்ணும் அப்படித்தான். முகத்தில் மெஜந்தா இறங்கிப் பச்சையடிக்கத் தொடங்கினால், மை அடர்த்தி அளக்கும் டென்சிடோமீட்டரை எடுக்குமுன் சொல்லிவிடுவான். இதைக் காலேஜில் கற்றுத்தர முடியாது என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒருநாள் கேட்டான், பிளேட்டை நனைக்கும் தண்ணீரில் அமிலம் கூடி பி.எச். 4.8க்குக் கீழே போனால் மை ஏன் காய மாட்டேன் என்கிறது என்று. "அது அப்படித்தான்" என்றேன். மையில் கலந்திருக்கும் உலர்த்தியை அமிலம் வேலை செய்ய விடாது என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அதைத்தான் அவன் படிக்கப் போகிறேன் என்றான்.

அவன் வீட்டில் முன்பணக் கடன் இருந்தது, ஓவர்டைம் இல்லாமல் கட்டமுடியாது. நிஜம்தான். அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் அப்போது இல்லை, 2024 ஆகஸ்டில்தான் வந்தது. இருந்திருந்தால் அனுப்பியிருப்பேன் என்று தோன்றும். ஆனால் அன்று நாங்கள் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லையே. அந்த மாதம் ஃபீடருக்கு வேறு ஆள் இல்லை. அவன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? அதுவும் இல்லை.

மறு வருடம் அவன் கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. இப்போது மெஷின் அவன் கையில், சம்பளமும் மோசமில்லை. போன வாரம் ஃபீடரில் நிற்கிற புதுப் பையன் மை காயாததைப் பற்றி அவனிடம் ஏதோ கேட்டான். என்ன சொல்கிறான் என்று காதைக் கொடுத்தேன். "அண்ணாச்சிகிட்ட கேளு" என்று, திரும்பிக்கூடப் பார்க்காமல், என் பக்கம் கை காட்டினான்.