இரண்டு ஊர், ஒரு முகவரி

ஒரு சர்வர் செத்தால் இன்னொன்று பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான், வரும் வேலையைச் சர்வர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் லோட் பேலன்சரை வைக்கிறோம். அந்த லோட் பேலன்சரே செத்தால்? ஒரே டேட்டா சென்டருக்குள் இதற்குப் பதில் எளிது. இரண்டு பெட்டிகள், அவை தங்களுக்குள் பேசிக்கொள்ள விஆர்ஆர்பி என்ற முறை. முதல் பெட்டி நொடிக்கு ஒரு தடவை 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். மூன்று தடவை சத்தம் வராவிட்டால் இரண்டுக்கும் பொதுவான முகவரியை, அதாவது விர்ச்சுவல் ஐபியை, இரண்டாவது பெட்டி எடுத்துக்கொள்ளும். நான்கு நொடிக்குள் வேலை முடிந்துவிடும்.

மும்பையிலும் சென்னையிலும் டேட்டா சென்டர் வைத்திருந்த ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் குழுவில் இருந்தேன். "இதையே ரெண்டு ஊருக்கும் சேர்த்துப் போட்டுடலாமே" என்று மேலாளர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் விஆர்ஆர்பி பாக்கெட் ரூட்டரைத் தாண்டாது. தாண்ட வைக்க வேண்டுமென்றால் இரண்டு ஊரையும் ஒரே உள் நெட்வொர்க்காக (VLAN) இழுத்துக் கட்ட வேண்டும். கட்டினால், ஒரு பக்கம் லூப் விழுந்து, எல்லா மெஷினுக்கும் போகும் பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் சுற்றிச் சுற்றிப் பெருகினால், அது மறுபக்கத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடும். அப்புறம் எதற்கு இரண்டு ஊர்?

தூரம்கூடப் பெரிய தொல்லையில்லை. ஃபைபரில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 மைக்ரோநொடி. ஆயிரம் கிலோமீட்டருக்குப் போய்வர 10 மில்லிநொடி. கேபிள் சுற்றிப் போவதால் நிஜத்தில் இன்னும் கூடும். டேட்டாபேஸ்காரர்கள் இதற்காக முகம் சுளிப்பார்கள், அது வேறு கதை.

உண்மையான சிக்கல் மௌனம்தான். மும்பையிலிருந்து சத்தம் வரவில்லை. மும்பை விழுந்துவிட்டதா, இல்லை நடுவில் எங்கோ சாலை தோண்டியதில் ஃபைபர் அறுந்ததா? சென்னையில் இருக்கும் பெட்டிக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டு பக்கமும் 'நான்தான் ஆக்டிவ்' என்று கிளம்பினால், ஒரே கணக்கில் இரண்டு ஊரிலும் பதிவு விழும். பிறகு அதைச் சரிசெய்ய உட்காருவது பாகப்பிரிவினைப் பஞ்சாயத்துதான். அதனால் மூன்றாவதாக ஓர் ஊரில், யார் ஆக்டிவ் என்று தீர்த்துவைக்க, தனி லைனில் ஒரு சாட்சி சர்வர் வேண்டும் என்று கேட்டோம். சின்ன விர்ச்சுவல் மெஷின்தான். அதற்கு பட்ஜெட் வாங்குவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

ஊர் மாற்றுவதை, பெயரைக் கேட்டால் ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ்ஸிடம் விட்டோம். அந்தப் பதிலை வைத்துக்கொள்ளும் காலம், அதாவது டிடிஎல், 30 நொடி. பிரவுசர்கள் பெரும்பாலும் சமத்தாக மாறிவிடும். சில கிளையன்ட் அப்ளிகேஷன்களோ ஸ்டார்ட் ஆகும்போது ஒரு தடவை ஐபியைக் கேட்டு வைத்துக்கொண்டு, அதையே பிடித்துத் தொங்கும். டிஆர் ட்ரில், அதாவது பேரிடர் வந்தால் ஊர் மாறும் ஒத்திகை, நடக்கும் நாளில் எங்கள் ஆபரேஷன்ஸ் பையன்களின் முக்கியமான வேலை, "சார், ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிடுங்க" என்று ஒவ்வொருவருக்காகப் போன் போடுவது.

சர்வர் நலமா என்று தானாகப் பார்க்கும் ஹெல்த் செக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில் நடந்தது அதுதான். பராமரிப்பு வேலையில் போன ஒரு கட்டளை டேட்டா சென்டர்களை இணைக்கும் உள் நெட்வொர்க்கை அறுத்துவிட, டேட்டா சென்டரை எட்ட முடியாத டிஎன்எஸ் சர்வர்கள் தங்களிடம்தான் கோளாறு என்று முடிவுகட்டித் 'என்னிடம் வர வழி இது' என்று இன்டர்நெட்டுக்குச் சொல்லும் பிஜிபி அறிவிப்பைத் தாமாகவே விலக்கிக்கொண்டன. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில். அதைப் படித்த பிறகு, எல்லாப் பக்கமும் ஒன்றாக 'டவுன்' என்று காட்டினால் எதையும் விலக்காதே என்று எங்கள் கான்ஃபிகரேஷனில் ஒரு விதி சேர்த்தோம்.

அதே ஆண்டு பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இயில் வணிகம் நின்றபோது, பேரிடருக்கான மாற்று இடம் (டிஆர் சைட்) இருந்தும் அங்கே மாறவில்லை. பிறகு சந்தைகளைக் கண்காணிக்கும் செபி, 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவி, அதிலிருந்து 45 நிமிடத்தில் மாறு என்று பங்குச் சந்தைகளுக்குக் கெடு வைத்தது. கெடு மெஷினுக்கு அல்ல, முடிவெடுக்கும் ஆட்களுக்கு என்றுதான் எனக்குப் பட்டது.

நாங்களும் அப்படித்தான் நின்றோம். ஊருக்குள் மாறுவது தானாக நடக்கும். ஊர் விட்டு ஊர் மாற, ஷிஃப்ட் லீட் பட்டனை அழுத்த வேண்டும்; அதற்கு யாரிடமும் அவர் மெயிலில் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மும்பை திரும்ப எழுந்துவிட்டாலும் டிராஃபிக் உடனே அங்கே போகாது. டேட்டா ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு காலை மெதுவாகத் திருப்புவோம்.