வெலிங்டனுக்குக் குடிபோகிறோம்

முடிவாகிவிட்டது. அடுத்த மாதம் நியூசிலாந்து போகிறோம், வெலிங்டனில் மென்பொருள் வேலை. அமெரிக்காவில் சம்பளம் இன்னும் அதிகம் கிடைக்கும்தான். ஆனால் எனக்குப் பக்கத்திலேயே மலை வேண்டும். டிசம்பரில் அங்கே இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும். வேலை முடிந்து கிளம்பினாலே 445 மீட்டர் உயர கௌகௌ குன்றில் ஏறி இறங்கிவிடலாம்! நாடு முழுக்க அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை பராமரிக்கும் மலைக்குடில்கள் மட்டும் 900-க்கு மேல். சட்டப்படி வருடத்துக்கு நான்கு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. டோங்காரிரோ எரிமலைப் பாதை, சுமார் 20 கிலோமீட்டர், அதுதான் முதல் நடை. வாடகை அதிகம், காற்றும் பலம். சரி, பரவாயில்லை. அம்மாவை விட்டுப் போவதுதான் மனசைப் பிசைகிறது. அங்கே இருக்கும் நண்பர்களே, ஜான்சன்வில் பக்கம் வாடகைக்கு வீடு இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள்.