ஊழியர் இலக்கம்

முப்பத்தெட்டு வயதில்தான் முதன்முதலாக ஒரு வேலை விண்ணப்பம் நிரப்பினேன். திருகோணமலை டவுனில் ஒரு ஹாட்வெயார் கடை, கணக்கு எழுதவும் சாமான் வரவைப் பதியவும் ஆள் தேடினார்கள். பெயர், முகவரி, அடையாள அட்டை எல்லாம் எழுதியாயிற்று. அடுத்த கட்டத்தில் ஊழியர் சேமலாப நிதி இலக்கம் என்று இருந்தது, சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து ஓய்வுகாலத்துக்குச் சேர்க்கிற நிதி அது. பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பதினான்கு வருடம் ஒரு சபையில் போதகராக இருந்தவன் நான், ஊரே என்னை ஊழியக்காரர் என்றுதான் சொன்னது, அரசாங்கக் கணக்கிலோ நான் ஒரு நாள்கூட ஊழியராக இருந்ததில்லை.

ஊழியத்துக்குள் போன கதை சின்னது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கடல் வந்தது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நிலாவெளிப் பக்கத்துச் சனங்கள் தங்கியிருந்த பாடசாலை ஒன்றில் அரிசி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது, பேரனைக் கடலுக்குக் கொடுத்த ஒரு ஆச்சி என் கையைப் பிடித்து, "தம்பி, ஒரு ஜெபம் பண்ணுங்கோ" என்றார். என்ன சொன்னேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. ஆச்சி அன்றிரவு கொஞ்சம் நித்திரை கொண்டாராம். அதுதான் அழைப்பு என்று சபைப் பெரியவர்கள் சொன்னார்கள், நானும் நம்பினேன், இப்போதும் பாதி நம்புகிறேன். வீட்டில் அம்மா அழுது சந்தோஷப்பட்டார். அப்பா மட்டும், "மாதம் எவ்வளவு தருவாங்கள்?" என்று கேட்டார். எங்கள் எல்லோருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. யோசித்துப் பார்த்தால் அந்த வீட்டில் விஷயம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபைகளில் இதற்கு ஒரு பாதை இருக்கிறது. 1963இல் தொடங்கிய பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் படிப்பு, பிறகு பயிற்சி, அபிஷேகம், சபை விட்டுச் சபை இடமாற்றம். எங்களுடையது சுயாதீன சபை, மூப்பர்கள் கூடிச் சொல்வதுதான் சட்டம். மூன்று வருடம் வேதாகமக் கல்லூரியில் படித்துவிட்டு 2009இல் வந்து சேர்ந்தேன்.

போதகர் வேலை என்றால் பிரசங்கம் என்று நினைப்பார்கள். அது வாரத்தில் நாற்பது நிமிடம். மிச்ச நேரமெல்லாம் ஆஸ்பத்திரி, செத்த வீடு, புருஷன் பெண்சாதிச் சண்டை, கிராம சேவகருக்குக் கடிதம், வெளிநாடு போகிற பெடியனுக்கு நற்சான்றிதழ். சம்பூரிலிருந்து 2006இல் இடம்பெயர்ந்த சனங்கள் இருந்த கிளிவெட்டி முகாமுக்குப் போனால் ஜெபத்தைவிடப் படிவம் நிரப்பிக் கொடுத்ததுதான் அதிகம். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது, உண்மையிலேயே பிடித்திருந்தது.

பிடிக்காதது வீடு. ஆலயத்துக்குப் பின்னால் இரண்டு அறை, திறப்பு நாலு பேர் கையில். கமிட்டியில் இருந்த ஒரு அம்மா நேரே குசினிக்கு வந்து சட்டியைத் திறந்து பார்ப்பார். மீன் குழம்பு என்றால் "ஆ, இண்டைக்குப் பாரை மீனோ" என்பார். மனைவிக்குப் பாஸ்டரம்மா என்று ஒரு பட்டம், ஞாயிறு பள்ளியும் பெண்கள் ஐக்கியமும் கூட்டத்துக்குத் தேநீரும் அந்தப் பட்டத்தோடு சேர்ந்து வந்தவை, சம்பளம் மட்டும் வரவில்லை. களைப்பாக இருக்கிறது என்று சொல்லவும் முடியாது. "ஜெபம் குறைஞ்சிட்டோ ஐயா?" என்று கேட்பார்கள். கடைக்காரன் களைத்தால் கடையைப் பூட்டலாம்.

2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது, செத்தவர்களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பலர். அதற்குப் பிறகு எங்கள் ஆலயத்தில் திரும்பக் கூடத் தொடங்கியபோது வாசலில் நின்று பிள்ளைகளின் பைகளைத் திறந்து பார்ப்பதும் என் பொறுப்பாயிற்று. பென்சில் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட். பார்த்து முடித்துவிட்டு உள்ளே போய் "சமாதானம் உங்களோடு இருப்பதாக" என்று சொல்ல வேண்டும். நான் அந்த வாசலை விட்டு முழுதாக உள்ளே போகவே இல்லை என்று சில நேரம் தோன்றும்.

பிறகு 2022, நாடே காசில்லாமல் தவித்த வருடம். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல், அதற்குள் வீடு சந்திக்க வேண்டும். காணிக்கைப் பை மெலிந்தது, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வருடம்தான் நான் மூப்பர் கூட்டத்தில் வாயைத் திறந்து, சேமலாப நிதி மாதிரி ஏதாவது கட்டலாமா என்று கேட்டேன். அரசாங்க ஓய்வூதியம் எடுக்கிற ஒரு மூப்பர், "ஐயாவுக்குப் பரலோகத்தில சேமிப்பு இருக்குத்தானே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் பெரிய பிழை.

அடுத்த வருடம் விலகினேன். விசுவாசம் போகவில்லை, வேறு கதையும் இல்லை. கதை இல்லை என்பதைத்தான் சனங்களால் நம்ப முடியவில்லை. ஒரு மணிக்கூடு பரிசாகத் தந்தார்கள், ஒரு மாதத்தில் வீட்டை விடச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு, கலப்பையில் கை வைத்தவன் பின்னால் திரும்பிப் பார்ப்பதைப் பற்றித்தான் பிரசங்கமாம். அப்போஸ்தலன் பவுலே கொரிந்துவில் கூடாரம் தைத்துச் சாப்பிட்டதைப் பற்றி எப்போது பேசுவார்களோ தெரியாது.

அன்புவழிபுரத்தில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்தோம். திறப்பு இரண்டு, இரண்டும் எங்களிடம். கடையில் முதலாளி தம்பி என்கிறார், பெடியன்கள் அண்ணை என்கிறார்கள். ஐயா இல்லாமல் முதல் இரண்டு மாதம் உடுப்பில்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது. முதல் சம்பளச் சீட்டில் சேமலாப நிதிக்கு என் பங்கு 8 வீதம் கழித்திருந்தார்கள், கடைப் பங்கு 12. காசு கழித்ததற்குச் சந்தோஷப்பட்ட ஆள் அந்தக் கடையில் நான் ஒருவன்தான்.

போன மாதம் பழைய சபையிலிருந்து ஒரு பெடியன் அழைத்தான். அவனுடைய அம்மாவைப் பெரியாஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்களாம், என்னைத்தான் கேட்கிறாராம். பாரை மீன் அம்மா. அரை நாள் லீவு கேட்டேன், கடையில் நான் எடுத்த முதல் லீவு அது. லீவுப் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. "சொந்த வேலை" என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.