ஆஸ்பத்திரி அப்பிளும் மூன்றாவது பாணும்

அப்பாவுக்கு இடது கண்ணில் ஒப்பரேஷன் செய்து வீட்டுக்குக் கூட்டி வந்த கிழமை எங்கள் வீட்டில் 23 அப்பிள் சேர்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை, கொண்டு போவதும் அநேகமாக அப்பிள், திராட்சை, இல்லாவிட்டால் ஒரு பால்மாப் பெட்டி. திராட்சையை நாங்கள் தின்று தீர்த்தோம். அப்பிளை என்ன செய்வது? அப்பாவுக்குக் கட்டுப்பல், கடிக்க மாட்டார். அம்மாவுக்கு அது "குளிர்". நான் ஒருத்தி நாளுக்கு எத்தனை தின்கிறது? போதாததற்கு அதே கூடைக்குள் கதலி வாழைப்பழத்தையும் போட்டு வைத்திருந்தேன். பழுக்கிற பழம் விடுகிற எத்திலீன் வாயு பக்கத்திலிருக்கும் பழத்தையும் பழுக்க வைக்கும், அப்பிள் அதில் பெரிய ஆள். நாலாம் நாள் வாழைப்பழம் கறுத்துப்போனது, சிவத்த அப்பிள்கள் தொட்டால் மெத்தென்று இருந்தன.

கனடாவில் இருக்கும் அக்காவுக்கு இதைப் புலம்பலாகச் சொன்னேன். "அப்பிள் பாண் போடு, ஒரு மணித்தியால வேலை" என்றா. பாண் என்றதும் ஈஸ்ட் கரைத்து, மா குழைத்து, பொங்க வைத்து என்று நான் பயந்துவிட்டேன். அப்படி ஒன்றுமில்லையாம். ஈஸ்ட்டுக்குப் பதிலாகப் பேக்கிங் பவுடரும் அப்பச்சோடாவும் தான் பொங்க வைக்கும், கலந்த கையோடு ஓவனுக்குள் வைத்துவிடலாம், அதனால்தான் அங்கே அதற்கு விரைவுப் பாண் என்கிற மாதிரி ஒரு பெயர். பெயர்தான் பாண், சாப்பிடுகிறபோது கேக்குக்குத் தம்பி. இந்தப் பேக்கிங் பவுடரின் கதையும் நல்லதொரு கதை. 1843இல் இங்கிலாந்தில் அல்பிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக ஈஸ்ட் இல்லாமல் பாண் பொங்க வைக்கத் தேடிப்போய்க் கண்டுபிடித்தது அது. மனைவிக்காக மனுசன் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் பாருங்கள், எங்கள் வீட்டில் தேத்தண்ணி போடச் சொன்னாலே சீனி எங்கே இருக்கு என்று கேட்பார்கள்.

அக்கா அளவுகளை வட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்பினா. அங்கேதான் எல்லாப் பிழையும் தொடங்கியது.

முதலாவது, கப். "ரெண்டு கப் மா" என்றால் நான் எங்கள் வீட்டுத் தேத்தண்ணிக் கோப்பையால் அளந்தேன். அவவின் கப் 240 மில்லிலீற்றர், எங்கள் கோப்பை நிரம்ப விட்டாலே 170தான் கொள்ளும். மா, சீனி எல்லாவற்றையும் அந்தக் கோப்பையாலேயே அளந்திருந்தால் விகிதமாவது சரியாக வந்திருக்கும், ஆனால் முட்டை முட்டைதானே, அப்பிளை எண்ணிப் போட்டேன், பட்டரைப் பைக்கற்றில் இருந்த கிராமைப் பார்த்து வெட்டினேன். இரண்டாவது, பட்டர்மில்க். அரைக் கப் பட்டர்மில்க் என்று அக்கா சொன்னதை நான் "பட்டர், மில்க்" என்று இரண்டாகக் கேட்டு, கொஞ்சம் கூடப் பட்டரும் கொஞ்சம் பாலும் விட்டேன். மூன்றாவது, சூடு. 350 என்றா. எனது ஓவன் மேசையில் வைக்கிற சின்ன ஓவன், அதன் திருகியில் 250க்கு மேல் இலக்கமே இல்லை. சரி, இருக்கிறதில் பெரியதை வைப்போம் என்று 250இல் விட்டேன். அவ சொன்னது பாரன்ஹீற், எங்கள் ஓவன் சென்ரிகிரேட், 350 என்பது இங்கே கிட்டத்தட்ட 180 என்பது அடுத்த நாள்தான் விளங்கியது.

இருபது நிமிடத்தில் மேற்பக்கம் சட்டிக்கரி. உள்ளே கத்தியை விட்டால் கத்தியோடு கூழ் வந்தது. அப்பா கறுப்புக் கண்ணாடியோடு குசினி வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு, "உதென்ன பிள்ளை, களியே கிண்டினனீ?" என்றார். ஒப்பரேஷன் செய்த கண் நன்றாகத்தான் தெரிகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன். அடிப்பக்கத்தில் வெந்த மாதிரி இருந்த ஒரு துண்டை வாயில் வைத்தேன், சவர்க்காரம் கரைத்த தண்ணி மாதிரி ஒரு கைப்பு. அதற்குக் காரணம் பட்டர்மில்க்தான். அப்பச்சோடா காரம், அது பொங்கப் புளி வேண்டும். புளிப்பில்லாத பாலை விட்டதால் சோடா வேலை செய்யாமல் அப்படியே மாவுக்குள் கிடந்திருக்கிறது. எங்களூரில் பட்டர்மில்க் தேடி அலையத் தேவையில்லை, வீட்டுக் கட்டித் தயிர் ஒரு நாள் புளித்தது போதும்.

இரண்டாவது தடவை கப் அளவுக் கரண்டிகள் வாங்கினேன், 180இல் பதினைந்து நிமிடம் முன்னமே ஓவனைச் சூடாக்கினேன், தயிர் விட்டேன். அப்பிளையும் துருவவில்லை. முதல் தடவை துருவிச் சாறோடு அப்படியே கொட்டியிருந்தேன், அப்பிளில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் தண்ணீர்தான், களி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இம்முறை கடலைப் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிய துண்டுகளாக வெட்டி, தேசிக்காய்ப் புளி இரண்டு சொட்டு விட்டுப் பிரட்டி வைத்தேன், அப்படிச் செய்தால் வெட்டிய துண்டு மண்ணிறமாக மாறாது. எல்லாம் சரி. ஆனால் கை சும்மா இருக்கவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கேக் என்றால் பட்டர் கேக். பட்டரையும் சீனியையும் போட்டு, சீனி கரைந்து வெள்ளை நுரையாக வரும்வரை, ஒரே பக்கமாக, கை கழன்று விழுகிற வரை அடிக்க வேண்டும். சின்ன வயதில் எனக்கு அம்மா தருகிற வேலையே அதுதான். கொஞ்சம் நிறுத்தினால் "அடி பிள்ளை, இன்னும் அடி, கேக் கல்லா வரப்போகுது" என்பா. அந்தப் பழக்கத்தில் இந்தப் பாண் கலவையையும் மாப் போட்ட பிறகு பீற்றரால் ஐந்து நிமிடம் அடித்தேன். பார்க்க வடிவாக, பட்டுப்போல, ஒரு கட்டியில்லாமல் இருந்தது. அக்கா அனுப்பிய குரல்பதிவின் கடைசியில் "மாப் போட்டாப் பிறகு பத்துத் தரத்துக்கு மேலை கிண்டாதை" என்று சொல்லியிருக்கிறா, நான் கடைசிவரை கேட்கவில்லை.

கோதுமை மா ஈரத்தோடு சேர்ந்து அடிபட அடிபட இழுவைத் தன்மை வரும், ரொட்டிக்குக் குழைக்கிறபோது வருகிற அதே இழுவைதான். பட்டர் கேக்கில் அவ்வளவு அடியும் மாப் போட முன்னர் அடிக்கிறது, மாவைப் போட்ட பிறகு அங்கேயும் மெதுவாகத்தான் சேர்ப்போம். எனது கைக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை. போதாததற்கு எங்கள் கடைகளில் நிறுத்துத் தருகிற சாதாரண கோதுமை மா பாணுக்கும் பரோட்டாவுக்கும் இழுபட வேண்டிய மா, மென்மையான மா இல்லை.

அதோடு விட்டதா? ஓவனுக்குள் வைத்து இருபத்தைந்தாவது நிமிடம் கரண்ட் போனது.

நான் ஓவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நடுப்பக்கம் பொங்கி நின்றது, மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பின்பக்கம் போனா. கொஞ்ச நேரத்தில் "அந்தத் தட்டைக் கொண்டுவா" என்று சத்தம். போய்ப் பார்த்தால் விறகடுப்பில் பெரிய அலுமினியச் சட்டி, அதற்குள் இரண்டு விரல் உயரத்துக்கு மணல், மணலுக்கு மேல் ஒரு பழைய மூடி கவிழ்த்து வைத்திருக்கு. தட்டை அதன்மேல் இறக்கி, சட்டியைத் தகரத்தால் மூடி, தகரத்துக்கு மேல் சிரட்டைத் தணலை அள்ளிப் பரப்பினா. கீழே விறகை இழுத்து, சின்ன நெருப்பாக விட்டா. "தொண்ணூறுகளிலை கரண்ட் எங்கை இருந்தது? உன்ரை முதலாம் பிறந்தநாள் கேக் இப்பிடித்தான் போட்டது" என்றா. அந்த வருடங்களில் குடாநாட்டில் மின்சாரமே இல்லை, மண்ணெண்ணெய் கூட அளந்து வாங்கியது என்பது எனக்குக் கேட்ட கதை. அம்மாவுக்கு அது கையில் இருக்கிற பழக்கம். தகரத்தின் ஓரத்தில் கையை நீட்டி, சூட்டைப் பார்த்து, இரண்டு தணலை எடுத்து வெளியே போட்டா. எந்த இலக்கமும் பார்க்கவில்லை. நாற்பது நிமிடத்துக்குப் பிறகு முற்றத்துத் தென்னோலையில் ஒரு ஈர்க்கை உருவி, சீவி, நடுவில் குத்தி எடுத்துப் பார்த்து "வெந்திட்டுது" என்றா.

வெந்திருந்தது. நடுவில் குழி, வெட்டினால் உள்ளே புழு அரித்த மாதிரி நீள நீளத் துளைகள், கடித்தால் ரப்பர், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புகை வாசம். குழி கரண்டால் வந்தது, துளையும் ரப்பரும் நான் அடித்த அடியால் வந்தது, புகை அடுப்பால். ஆனால் இரவு தேத்தண்ணியோடு மூன்று பேரும் இருந்து பாதியைச் சாப்பிட்டோம். அந்தப் புகை வாசம் எனக்குப் பிடித்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

மூன்றாவது தடவைக்கு அப்பிள் பற்றாக்குறை. மிச்சமிருந்த சிவத்தவை மாப் பிடித்துப்போய்விட்டன, வெந்தால் உருவமில்லாமல் கரையும். திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் போய்ப் பச்சை அப்பிள் இரண்டு வாங்கினேன். அப்பிளில் ஒட்டியிருக்கிற சின்ன ஸ்டிக்கரில் நாலு இலக்க எண் இருக்கும், அது பழத்தின் வகைக்கான எண் என்று அக்கா சொல்லித் தந்தா. 4017 என்றால் கிரானி ஸ்மித், புளிப்பான பச்சை அப்பிள், வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கும். 4131 ஃபூஜி, 4135 காலா, இரண்டும் இனிப்பு. பச்சை ஒன்றும் இனிப்பு ஒன்றும் கலந்து போடுவது நல்லது. வாங்கி வந்தால் இளஞ்சூட்டுத் தண்ணியில் தேய்த்துக் கழுவுங்கள், பளபளப்புக்கு மெழுகு பூசியிருப்பார்கள். தோலைச் சீவினால் அந்தப் பிரச்சினையே இல்லை, நான் சீவினேன்.

கறுவாவையும் மாற்றினேன். பைக்கற் தூள் மாசக்கணக்கில் திறந்து கிடந்தது, வாசம் செத்துவிட்டது. எங்கள் நாட்டுக் கறுவாப் பட்டை மெல்லிய தாள் மாதிரிப் பல சுருளாக இருக்கும், கையாலேயே நொறுங்கும். இரண்டு சுருளை லேசாக வறுத்து உரலில் இடித்து அரித்தேன். அப்பிளும் கறுவாவும் சேர்கிற வாசத்துக்காகவே இதைப் போடலாம். உலகத்துக்குக் கறுவா அனுப்புகிற நாட்டில் இருந்துகொண்டு பழைய தூளைப் போடுவது எனக்கே வெட்கமாக இருந்தது.

அளவு கேட்பவர்களுக்கு, நான் கடைசியாகப் போட்டது இது. மா 250 கிராம், அதில் இரண்டு மேசைக்கரண்டியை எடுத்துவிட்டு அந்த அளவுக்குக் கோன்ஃபிளவர் சேர்த்தேன், மா மென்மையாகும். பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு அரை, கறுவாத் தூள் இரண்டு. தேக்கரண்டி, மேசைக்கரண்டி மாறிப்போடாதீர்கள், சோடா கூடினால் வாயில் வைக்க முடியாது. இவற்றை ஒன்றாக இரண்டு தரம் அரித்து வைக்க வேண்டும். வேறொரு கோப்பையில் முட்டை இரண்டு, சீனி 150 கிராம், உருக்கி ஆறிய பட்டர் 110 கிராம், புளித்த தயிர் அரைக் கப், வனிலா ஒரு தேக்கரண்டி. அடிக்கிற ஆசை உள்ளவர்கள் இந்த இடத்தில் வேண்டிய அளவு அடித்துக்கொள்ளுங்கள். பிறகு மாவைக் கொட்டி, மரக்கரண்டியால் அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டி, மா ஈரமானதும் நிற்பாட்ட வேண்டும். கட்டி கட்டியாகத்தான் இருக்கும். எனக்குக் கை துடித்தது, கரண்டியை எடுத்துத் தண்ணிக்குள் போட்டுவிட்டேன். இரண்டு கப் அப்பிள் துண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி மாத் தூவிப் பிரட்டி வைத்திருந்தால் அது அடியில் போய்க் குவியாது, அதைக் கடைசியில் சேர்க்க வேண்டும். தட்டுக்கு எண்ணெய்த் தாள் போட்டு ஊற்றி, மேலே கொஞ்சம் சிவத்தச் சீனியும் கறுவாவும் தூவி, தாமதிக்காமல் உள்ளே. கலந்து வைத்துவிட்டுத் தொலைபேசியில் கதைக்கப் போனால் பொங்குகிற வாயு வெளியே போய்விடும்.

சின்ன ஓவனில் மேல் கம்பி கிட்ட இருப்பதால் முப்பத்தைந்தாவது நிமிடம் மேலே ஒரு ஈயத்தாளைப் போர்த்தினேன். அதற்கு முன் கதவைத் திறக்கவே இல்லை. கரண்டுக்கு நேர்த்திக்கடன் வைத்தேன் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஐம்பத்தைந்தாவது நிமிடம் ஈர்க்கில் ஈர மா ஒட்டியது, அறுபத்திமூன்றில் இரண்டு உதிரிப் பருக்கை மட்டும். நடுவில் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. அது பிழையென்று முகம் சுருங்கிப் படம் அனுப்பினால், "அதுதான் வடிவு, இந்தப் பாண் எல்லாம் அப்பிடித்தான் வெடிக்கும்" என்றா அக்கா.

சூட்டோடு வெட்டாதீர்கள், உதிரும். நான் வெட்டினேன், உதிர்ந்தது. மிச்சத்தை ஆறவிட்டு மூடி வைத்து அடுத்த நாள் வெட்டினால் சீராக வந்தது, அப்பிளின் ஈரம் எல்லாப் பக்கமும் பரவி முதல் நாளைவிட ருசி. எங்கள் வெக்கைக்கு வெளியே ஒன்றரை நாளுக்கு மேல் வைக்க முடியாது, குளிர்ப்பெட்டியில் வைத்து, வேண்டும்போது தோசைக்கல்லில் துளிப் பட்டர் விட்டு இரண்டு பக்கமும் சூடு காட்டினால் ஓரம் மொறுமொறுவென்று வரும்.

அப்பா பிளேன்ரீயில் தோய்த்து மூன்று துண்டு சாப்பிட்டார். கட்டுப்பல்லுக்குச் சரியாம். அம்மா ஒரு துண்டை மணந்து பார்த்து, "அடுப்பிலை போட்டதிலை ஒரு வாசம் இருந்தது" என்று மட்டும் சொன்னா. அடுத்த மாதம் அப்பாவுக்கு வலது கண்ணுக்கு ஒப்பரேஷன். நேற்று வந்த சித்தப்பாவிடம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தது குசினிக்குள் கேட்டது: "பாக்க வாறதெண்டா பச்சை அப்பிளா வாங்கிக்கொண்டு வா, ஒட்டியிருக்கிற நம்பரைப் பாத்து வாங்கு."