பத்தாவது இலக்கம்

வீட்டை விட்டு ஓடிவந்த பிள்ளைகள் தங்கியிருக்கும் இல்லத்தில், வீட்டை விட்டு ஓடிப்போகும் பிள்ளைகளைப் பற்றிய படத்தைப் போடலாமா? 2018இல் என்னிடம் இப்படிக் கேட்டவர் அந்த இல்லத்தின் கண்காணிப்பாளர். அக்கறையோடுதான் கேட்டார். நான் கொண்டுபோயிருந்தது நாகேஷ் குக்குனூர் இயக்கிய 'தனக்'. பெர்லின் திரைப்பட விழாவின் சிறுவர் பிரிவில் பரிசு பெற்ற இந்திப் படம். ராஜஸ்தானில் உறவினர் வீட்டில் வளரும் அக்கா பரி, பார்வையற்ற தம்பி சோட்டு. ஒன்பது வயதாவதற்குள் உனக்குக் கண் தெரியும் என்று தம்பிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள் அக்கா. கண்தானச் சுவரொட்டியில் ஷாருக் கானைப் பார்க்கிறாள். அவர் ஜெய்சல்மேர் பக்கம் படப்பிடிப்புக்கு வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

நான் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு இன்னொரு அக்காவையும் தம்பியையும் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரும் ஊரும் சொல்ல மாட்டேன். சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. சட்டம் தடுக்காவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அப்போது நான் ஒரு ரயில் சந்திப்பில், குழந்தைகள் உதவி மையத்தில் வேலை பார்த்தேன். 1098க்கு வரும் அழைப்புகள் ஒரு பக்கம். நடைமேடையில் நாங்களே கண்டுபிடிக்கும் பிள்ளைகள் மறுபக்கம். கொஞ்ச நாளில் கண் பழகிவிடும். எல்லோரும் ரயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பிள்ளை மட்டும் மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடப் பை இருக்கும், அதற்குள் துணி இருக்கும். அண்ணன் தம்பியாகவோ அக்கா தம்பியாகவோ வந்தால் பெரியது சிறியதுக்கு பிஸ்கெட்டைக் கொடுத்துவிட்டுத் தான் ஏற்கெனவே தின்றுவிட்டதாகச் சொல்லும்.

அவளுக்குப் பதினோரு வயது, தம்பிக்கு ஆறு. விடியற்காலை ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியிலிருந்து இறங்கி நின்றார்கள். தம்பியின் சட்டை நுனி அவள் கையில் சுருட்டப்பட்டிருந்தது. என்னிடம் ஒரு படிவம் உண்டு. அதில் 'ஓடிவந்த காரணம்' என்று ஒரு கட்டம். நான் அதைத்தான் கேட்டேன். ஏன் ஓடி வந்தீர்கள்? அடித்தார்களா? திட்டினார்களா? அவள் வாயைத் திறக்கவில்லை. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும், நிறுத்தினோம். சித்தப்பா ஆதாரும் ரேஷன் கார்டுமாக வந்து அழுதார். சுமை ஆட்டோ ஓட்டுபவர், சொந்தப் பிள்ளைகள் மூன்று பேர். கொடுமைக்காரர் இல்லை. 'கோபத்தில் வீட்டை விட்டு வெளியேறினர்' என்று அறிக்கை எழுதினேன். அன்றைக்கு அதை நம்பித்தான் எழுதினேன். மூன்றாம் நாள் இருவரும் சித்தப்பாவோடு திரும்பிப் போனார்கள்.

ஏழு வாரம் கழித்து அதே நடைமேடை, அதே பை.

இந்த முறை படிவத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனேன். இட்லி வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தம்பி இரண்டாவது இட்லியை முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டேன்: "யாரிடம் போகிறீர்கள்?"

அவள் உடனே தம்பியின் கால்சட்டைப் பையில் கைவிட்டு நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். "பெரியம்மாவிடம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள்." தாளில் ஒரு கைப்பேசி எண். வியர்வையில் கடைசி இலக்கம் கரைந்து போயிருந்தது. ஒன்பதுதான் மிச்சம்.

முதல் முறையும் அந்தத் தாள் அதே பையில்தான் இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை. ஓடிவந்த பிள்ளை என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டால் பார்வை முழுக்கப் பின்பக்கம் திரும்பிவிடுகிறது. எந்த வீடு, என்ன சண்டை, யார் அடித்தார்கள் என்று மட்டுமே கேட்கத் தோன்றுகிறது. அவர்கள் யாரையோ நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். பிள்ளையின் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது சிறார் நீதிச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் உள்ள பதினாறு கோட்பாடுகளில் மூன்றாவது. பயிற்சி வகுப்பில் மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறேன்.

பூஜ்யத்திலிருந்து தொடங்கி ஒவ்வோர் இலக்கமாகச் சேர்த்து அழைத்தேன். சில எண்கள் அணைந்திருந்தன. ஒருவர் தூக்கத்தைக் கெடுத்ததற்குத் திட்டினார். ஆறு போட்டபோது தையல் எந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல். "உங்கள் தங்கை பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா அம்மா?" என்று கேட்டேன். சற்று நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "பாப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்றார்.

பெரியம்மா கிடைத்ததும் கதை முடிந்துவிடவில்லை. திருப்பூரில் அவர் வீட்டைப் போய்ப் பார்த்து அறிக்கை தர வேண்டும். ஒற்றை அறை, ஷிப்டு வேலை. பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள், எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள் என்று எல்லாம் கேட்க வேண்டும். கேட்கத்தான் வேண்டும், உறவு என்பதற்காக மட்டும் பிள்ளைகளைக் கையில் கொடுத்துவிட முடியாது. கடைசியில் குழுவின் உத்தரவோடு அவர் வந்து இருவரையும் அழைத்துப் போனார். ஆனால் அதற்குள் பல வாரங்கள் ஓடிவிட்டன. அதுவரை அக்கா பெண்கள் இல்லத்தில், தம்பி நான்கு கிலோமீட்டர் தள்ளி ஆண்பிள்ளைகள் இல்லத்தில். அவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் பார்க்கப் போனபோதுதான் அவள் அந்தக் காரணத்தைச் சொன்னாள். தம்பியை விடுதியில் சேர்க்கப்போவதாகச் சித்தப்பா வீட்டில் பேசிக்கொண்டார்களாம். "பிரித்துவிடுவார்கள் என்றுதான் அக்கா வந்தோம்" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

படம் போட வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான். படம் என்றால் ஆண்பிள்ளைகளையும் வேனில் அழைத்து வரலாம். கண்காணிப்பாளரிடம் இதை அப்படியே சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டுக் கூடத்தின் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

இந்தி வசனங்களை ஒரு பீகார்ப் பையன் தனக்குத் தெரிந்த தமிழில் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தான். படத்தில் அக்கா ஷாருக் கான் கட்சி, தம்பி சல்மான் கான் கட்சி. அதைப் பார்த்ததும் கூடம் விஜய், அஜித் என்று இரண்டாகப் பிரிந்து கத்தியது. அந்தப் பாலைவனத்தின் அழகு யாருக்கும் பொருட்டாக இல்லை. "கையில் எவ்வளவு காசு இருந்தது?" "ராத்திரி எங்கே படுத்தார்கள்?" "போலீஸ் பிடிக்கவில்லையா?" என்றுதான் கேட்டார்கள். தானே அந்த வழியில் நடந்த பிள்ளைகளுக்குத்தான் இப்படிக் கேட்கத் தெரியும்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. கடைசி வரிசையில் தம்பியை மடியில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அவன் பாதிப் படத்திலேயே தூங்கிவிட்டான். விளக்கைப் போட்டதும் மற்றவர்கள் செருப்பைத் தேடினார்கள். அவள் எழவில்லை. நான் பக்கத்தில் போனதும் தம்பி விழித்துவிடாதபடி மெல்லக் கேட்டாள்: "இன்னொரு படம் இருக்கிறதா அக்கா?"

பென்டிரைவில் இருந்தது. வெளியே போய் வேன் ஓட்டுநரிடம் இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டு வந்து விளக்கை அணைத்தேன்.