ஏபிஎஸ் மாட்யூலுக்கு வீண் பழி

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் நின்ற வண்டி. தண்ணீர் கால்மிதி வரைதான் ஏறியது. கார்ப்பெட்டைக் கழற்றி வெயிலில் காயப்போட்டதோடு சரி. பல மாதம் கழித்து ஆரம்பித்தது தொல்லை. வேகத்தடையில் ஏறி இறங்கினால் மீட்டர் முள் எல்லாம் சாய்ந்துவிடும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ஸ்டியரிங் விளக்குகள் சேர்ந்து எரியும். கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடும்.

ஸ்கேனரில் வந்த பழுதுக் கோடு யூ0121 (ஏபிஎஸ்ஸிடமிருந்து பேச்சில்லை), யூ0155 (மீட்டரிடமிருந்து பேச்சில்லை). "ஏபிஎஸ் போயிட்டு அண்ணாச்சி, மாத்திருங்க" என்றார்கள். மதுரைக்குப் போய்ப் பழைய மாட்யூல் (ஏபிஎஸ்ஸை இயக்கும் மின்னணுப் பெட்டி) ஒன்று வாங்கி வந்தோம், போக வர 300 கிலோமீட்டருக்கு மேல். மாட்டி, பிரேக் ஆயிலில் காற்று எடுத்து, கோடிங் போட்டும் அதே கோடுதான். ஒருத்தர் போனை எடுக்கவில்லை என்றால் ஆள் செத்துவிட்டார் என்றா அர்த்தம்? யூ கோடு சொல்வது 'பேச்சு வரவில்லை' என்பதை மட்டும்தான். இரண்டு மூன்று மாட்யூல் ஒரே நேரத்தில் ஊமையானால் முதல் சந்தேகம் வயரிங் மேல்தான் வரவேண்டும்.

முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை இது: பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் விட்டு, ஓபிடி சாக்கெட்டில் (ஸ்கேனர் செருகும் இடம்) 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் இடையே ஓம் பார்ப்பது. பேட்டரியோடு அளந்தால் எண் தாண்டிக் குதிக்கும், நம்பக்கூடாது. மாட்யூல்கள் தங்களுக்குள் பேசும் ஜோடி வயரான கேன் லைனின் (கேன் ஹை, கேன் லோ) இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் சேர்த்து 60 காட்டவேண்டும். 120 என்றால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 40 என்றால் எவரோ கூடுதலாக ஒரு ரெசிஸ்டரைச் செருகியிருக்கிறார்கள். கேட்வே (ஓபிடிக்கும் உள் லைனுக்கும் நடுவே நிற்கும் மாட்யூல்) உள்ள வண்டியில் ஓபிடி அளவு உள் லைனைக் காட்டாது. அங்கே ஏதாவது ஒரு மாட்யூல் கனெக்டரில்தான் பார்க்க வேண்டும்.

இந்த வண்டியில் நிற்கும்போது 60. டிரைவர் கால் பக்க வயர்க்கட்டை ஆட்டினால் 120. அப்படியே பிடித்துக்கொண்டு மீட்டர் கனெக்டரைக் கழற்றினால் அளவு மாறவில்லை. மீட்டர் பக்கத்து ரெசிஸ்டர் ஏற்கெனவே விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். எண் காணாமல் போயிருந்தால் என்ஜின் ஈசியூ (என்ஜினை இயக்கும் மாட்யூல்) பக்கம் தேட வேண்டும். எந்த மாட்யூலுக்குள் ரெசிஸ்டர் இருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும், வயரிங் படம் இல்லாமல் இறங்காதீர்கள்.

சாவி போட்டு வோல்ட்டும் பார்த்துவிடுங்கள். கேன் ஹை 2.6 பக்கம், கேன் லோ 2.4 பக்கம் நிற்கும். ஒன்று 0-வில் ஒட்டினால் எர்த், 12-க்குப் போனால் பேட்டரி லைன் தொட்டிருக்கிறது. 60 ஓம் சரியாக இருந்தும் வண்டி ஊமையாக இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றால்தான்.

கார்ப்பெட்டைத் தூக்கினால் இணைப்புக் கனெக்டரில் கேன் லோ பின் பச்சையாக அரித்திருந்தது. ஏபிஎஸ்ஸும் மீட்டரும் அதன் வழியாகத்தான் போகின்றன. வெள்ளத்தில் நனைந்த வண்டியில் இந்தப் பச்சை உடனே வராது, மெதுவாகத்தான் ஏறும்.

பின்னுக்குள் மல்டிமீட்டர் முனையைக் குத்தாதீர்கள். வாய் விரிந்து இன்னொரு கோளாறு பிறக்கும். பின்புறமாக மெல்லிய ஊசி விட்டு அளக்கலாம். வயர் தோலிலும் துளை போடாதீர்கள், அந்தத் துளை வழியாகவே அடுத்த மழை உள்ளே போகும்.

அரித்த பகுதியை வெட்டி 0.5 சதுர மில்லிமீட்டர் வயரால் ஒட்டுப்போட்டது. இரண்டு ஒட்டும் நேருக்கு நேர் வராமல் தள்ளி, சாலிடர் செய்து, பசையுள்ள சுருங்கு குழாய் போட்டு, ஜோடி வயரின் முறுக்கை மறுபடி முறுக்கினோம். பிரித்த முறுக்கு 5 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. முறுக்கு இல்லாத ஜோடி வயர் இக்னிஷன் இரைச்சலை எல்லாம் உள்ளே வாங்கும்.

ஆட்டிப் பார்த்தாலும் 60 அசையவில்லை. ஸ்கேனரில் பழுதுக் கோடுகளை அழித்துவிட்டுக் கயத்தாறு வரை நாலுவழிச் சாலை, திரும்பி வந்து மேலப்பாளையம் குண்டு குழி. ஒரு கோடும் வரவில்லை. பழைய ஏபிஎஸ் மாட்யூலையே மாட்டியாகிவிட்டது. மதுரையில் வாங்கியது அலமாரியில் கிடக்கிறது. எலக்ட்ரிக் சாமான் திருப்பி எடுக்கமாட்டார்களாம்.