நிறுத்திய இடங்கள்: ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிய வாசிப்பு

தைப்பொங்கல் முடிந்த கிழமை கடைத்தெருவில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். வாசிக்கிற புத்தகங்களைப் பற்றி எழுதி வைக்க. முன்பும் இப்படித் தொடங்கியிருக்கிறேன். புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், கீழே ‘நல்லது’, ‘மிக நல்லது’ என்று ஒரு சொல். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அந்தச் சொல்லில் எதுவுமே மிஞ்சியிருக்காது. ஏன் நல்லது என்று எழுதினேன் என்பதே மறந்துபோயிருக்கும்.

இந்த முறை ஒன்றை மாற்றினேன். ஒவ்வொரு முறை புத்தகத்தை மூடும்போதும் பக்க எண்ணை எழுதி, பக்கத்தில் ஏன் மூடினேன் என்று ஒரு வரி. நித்திரை வந்தது, கரண்ட் போனது, அம்மா சாப்பிடக் கூப்பிட்டா, தாங்க முடியவில்லை, அலுத்துவிட்டது, எதுவானாலும் உள்ளதை உள்ளபடி. வேலை முடிந்து வந்து, எங்கள் ஊரான திருகோணமலையின் டச்சு பே கடற்கரையில் வெளிச்சம் இருக்கும்வரை வாசிப்பேன். பிறகு வீட்டு விறாந்தையில் மிச்சம். பத்து மாதத்தில் ஆறு புத்தகங்கள் முடிந்திருக்கின்றன. கொப்பியைத் திருப்பிப் பார்க்கிறபோது என்னுடைய அபிப்பிராயம் எல்லாம் அந்த நிறுத்திய இடங்களில்தான் இருக்கிறது.

முதலில் எடுத்தது வி. வி. கணேசானந்தனின் ‘பிரதர்லெஸ் நைட்’. 2023இல் வந்த ஆங்கில நாவல். அடுத்த வருடம் பிரிட்டனில் பெண்களின் புனைகதைக்கான பரிசு கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் டொக்டராக ஆசைப்படும் சசி தன் கதையைச் சொல்கிறாள். அவளுக்கு நான்கு சகோதரர்கள். கொதிநீர் மேலே கொட்டி அவள் கத்த, சைக்கிளில் போய்க்கொண்டிருந்த தெரிந்த பெடியன் ஒருவன் ஓடி வந்து முட்டை உடைத்து வெள்ளைக்கருவைப் புண்ணில் ஊற்றுகிறான். எங்கள் வீடுகளில் செய்கிற அதே வைத்தியம். அந்த இடத்திலேயே நான் அந்த வீட்டுக்குள் போய்விட்டேன்.

ஆனால் யாழ்ப்பாண நூலகம் எரிகிற பகுதி வந்ததும் மூடினேன். மூன்று நாள் திறக்கவில்லை. 1981 மே 31 இரவு தொடங்கிய நெருப்பு, 97,000 நூல்கள் வரை போயின என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. எனக்கு அது அப்பாவின் குரலில் வருகிற கணக்கு. அந்தக் காலத்தில் அவர் அங்கே படித்துக்கொண்டிருந்தார். நான் இரவுச் சாப்பாட்டில், “அப்பா, லைப்ரரி எரிஞ்ச இடம் வந்திட்டுது” என்றேன். “எரிஞ்சது எண்டு சொல்லாதை பிள்ளை. எரிச்சது எண்டு சொல்லு” என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. அந்த ஒற்றை வித்தியாசத்தைத்தான் நாவல் முழுக்கச் செய்கிறது என்று முடித்தபோது விளங்கியது. எதுவும் தானாக நடந்ததாக அதில் எழுதப்படவில்லை. யார் செய்தார், யார் பார்த்துக்கொண்டு நின்றார், யார் பேசாமல் இருந்தார் என்று சசி சொல்லிக்கொண்டே போகிறாள். எல்லாப் பக்கத்தையும் சொல்கிறாள், தன்னையும் விடவில்லை. அவளுக்கு உடற்கூற்றியல் படிப்பிக்கிற ஆசிரியையைப் படிக்கும்போது, 1989 செப்டம்பர் 21இல் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் ஆசிரியர் ராஜினி திராணகமவை நினைக்காமல் இருக்க முடியாது.

ஒரு குறை உண்டு. சில உரையாடல்களில் யாழ்ப்பாணத்தார் ஒருவர் இன்னொரு யாழ்ப்பாணத்தாருக்கு ஊர் நிலவரத்தை விளக்குகிறார். அப்படி யாரும் பேசமாட்டார்கள். முதல் பாதியில் அது என்னை உறுத்தியது. பிறகு சசி வெளியே இருக்கும் வாசகரைப் பார்த்து ‘நீங்கள்’ என்று நேராகவே பேசுகிற இடங்கள் வந்தன. அங்கே எழுத்துக்கு வருகிற பலம் அந்த உரையாடல்களில் இல்லை. விளக்கத்தை எல்லாம் அந்தக் குரலுக்கே விட்டிருக்கலாம்.

அடுத்தது அனுக் அருட்பிரகாசத்தின் ‘எ பாசேஜ் நோர்த்’. 2021 புக்கர் பரிசின் குறும்பட்டியலில் இருந்தது. இதை வீட்டில் இரண்டு தரம் தொடங்கி இரண்டு தரமும் இருபது பக்கத்துக்குள் நிறுத்தினேன். காரணம் கொப்பியில் இருக்கிறது: ‘வசனம் முடியவில்லை, அதற்குள் கேத்தில் கொதித்துவிட்டது.’ ஒரு வசனம் அரைப்பக்கம், முக்கால் பக்கம் ஓடும். உரையாடலைத் தனியாகப் பிரித்துத் தருவதே இல்லை.

மாசி மாதம் ஒரு வேலையாகக் கொழும்புக்குப் போய் இரவு மெயில் ரயிலில் திரும்பினேன். அன்று இதைத்தான் கையில் எடுத்துப்போனேன். நாவலில் கிருஷன் என்கிற இளைஞன், தன் அப்பம்மாவைப் பராமரித்த ராணி என்கிற பெண் இறந்துவிட்டாள் என்று கேட்டு, செத்தவீட்டுக்குக் கொழும்பிலிருந்து வடக்கே ரயிலில் போகிறான். ராணி போரில் இரண்டு மகன்களையும் இழந்தவள். கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். மிச்சம் முழுவதும் யோசனை. கோட்டையில் ரயில் எடுத்தபோது நானும் தொடங்கினேன். அந்த வசனங்களின் நீளம் ரயிலுக்கு ஏற்ற நீளம். ஒரு யோசனை தொடங்கி, இன்னொன்றைத் தொட்டு, ஜன்னலுக்கு வெளியே போய், திரும்பவும் பழைய இடத்துக்கு வரும். மாகோவில் தண்டவாளம் பிரிகிறது. வடக்கே ஒன்று, கிழக்கே ஒன்று. கிருஷனின் ரயில் அந்தப் பக்கம் போக, என்னுடையது இந்தப் பக்கம் திரும்பியது. கல்லோயாச் சந்தியில் ரயில் நின்றபோது முழுப்பெட்டியும் நித்திரை. நான் மட்டும் முழிப்பு. சீனக்குடா தாண்டி விடிகிற வெளிச்சம் தண்ணீரில் பட்டபோது, சிதை எரிவதைக் கிருஷன் பார்த்துக்கொண்டு நிற்கிற கடைசிப் பகுதியில் இருந்தேன். அன்று கொப்பியில் நிறுத்திய இடம் என்று எதுவும் இல்லை.

இந்த நாவலில் நான் எதிர்பார்க்காத ஒருவர் வந்தார்: பூசலார் நாயனார். கையில் காசில்லாமல் மனதுக்குள்ளேயே கல் கல்லாகச் சிவனுக்குக் கோயில் கட்டியவர். சின்ன வயதில் சமய பாடத்தில் படித்தது. பல்லவ அரசன் காஞ்சியில் கட்டிய கோயிலுக்கு நாள் குறித்தபோது, அன்று பூசலாரின் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் வை என்று இறைவனே சொன்னதாகப் பெரியபுராணம். போர் நடந்த இடத்தைத் தூரத்திலிருந்து படங்களாலும் வாசிப்பாலும் மனதுக்குள் கட்டிக்கொள்கிற ஒருவனுக்கு இந்தக் கதை எவ்வளவு பொருந்துகிறது! சமய பாடத்தில் அஞ்சு புள்ளிக்காகப் பாடமாக்கிய கதைக்குள் இப்படி ஒரு அறை இருந்தது எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அதில் ஒரு நீளமான வசனத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் மூச்சு வாங்குகிற இடமெல்லாம் தமிழில் ‘போய்’, ‘இருந்து’, ‘நினைத்து’ என்று வினையெச்சமாகி இலகுவாக ஓடியது. இந்த நாவல் அடியில் தமிழ்மூச்சில் எழுதப்பட்டதோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

ஷெஹான் கருணாதிலக்கவின் ‘த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா’ 2022இல் புக்கர் வென்றது. செத்துப்போன போர்ப் புகைப்படக்காரனுக்கு ஏழு நிலவு அவகாசம், அதற்குள் தன் படங்கள் வெளியே வர வேண்டும். இதைப் பங்குனியில் நிறுத்தி வைகாசியில்தான் திரும்ப எடுத்தேன். நாவல் முழுக்க முன்னிலையில், அதாவது தன்னைத்தானே ‘யூ’ என்று அழைத்துச் சொல்லப்படுகிறது. அந்த ‘யூ’ எனக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் அது ‘நீங்கள்’ அல்ல, ‘நீ’ என்று மனதுக்குள் மாற்றி வாசித்தேன். செத்தவன் தன்னோடு பேசும்போது மரியாதை வைக்கமாட்டானே. அதற்குப் பிறகு ஐந்து நாளில் முடிந்தது. பகிடிகள் சில இடங்களில் அளவுக்கு மிஞ்சியிருக்கின்றன. ஆனால் செத்தவர்கள் அலுவலகம் மாதிரியான இடத்தில் வரிசையில் அலைக்கழிகிற காட்சிகள், காணாமல்போனவர்களின் படங்களை ஏந்தி நிற்கும் தாய்மாரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேறு மாதிரித்தான் படும்.

கச்சான் காற்று தொடங்கியபின் கடற்கரையில் தாள் நிற்காது. ஒரு கையால் பக்கத்தை அமத்திக்கொண்டுதான் சமந்தா ஹார்வியின் ‘ஓர்பிட்டல்’ வாசித்தேன். 2024இன் புக்கர். சின்னப் புத்தகம். விண்வெளி நிலையத்தில் ஆறு பேர், ஒரு நாள், பூமியைப் பதினாறு முறை சுற்றுகிறார்கள். முதல் நான்கு சுற்றில் நான் அலுத்துப்போய் மூன்று முறை நிறுத்தியிருக்கிறேன். கண்டம், கடல், மேகம், திரும்பவும் கண்டம். அழகாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அழகு மட்டும் என்னை இழுத்துப் போகவில்லை.

அப்புறம் அந்தப் புயல் வருகிறது. பசிபிக்கில் ஒரு பெரும் சூறாவளி பிலிப்பைன்ஸை நோக்கி நகர்வதை அவர்கள் மேலேயிருந்து பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு அங்கே தெரிந்த மீனவர் குடும்பம் ஒன்று உண்டு. அந்தப் பக்கத்தில் நிமிர்ந்து கடலைப் பார்த்தேன். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரை கடந்தது. அன்று பின்னேரமே திருக்கடலூரில் வள்ளங்களை இழுத்துக் கரையில் ஏற்றிக் கட்டிவிட்டார்கள். நாங்கள் தகரத்துக்கு மேலே கல் ஏற்றிவிட்டு, போனில் அந்தச் செய்மதிப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளைச் சுருள், நடுவே ஊர். எங்கள் வீட்டில் முருங்கை மட்டும்தான் விழுந்தது. அந்த வெள்ளைச் சுருளை மேலேயிருந்து பார்க்கிறவர்களுக்கும் கையாலாகாத கவலை இருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. மிச்சப் புத்தகத்தை அன்றிரவே முடித்தேன். முதல் நான்கு சுற்றையும் திரும்ப வாசித்தேன். இரண்டாம் முறை அலுக்கவில்லை.

பானு முஷ்தாக்கின் ‘ஹார்ட் லாம்ப்’ கன்னடத்திலிருந்து தீபா பாஸ்தி ஆங்கிலமாக்கியது. 1990 முதல் 2023 வரை எழுதிய கதைகளில் 12. 2025இன் சர்வதேச புக்கர். ஒரு இரவுக்கு ஒரு கதைதான், அதற்கு மேல் முடியவில்லை என்று கொப்பி சொல்கிறது. இதை வாசித்துவிட்டுக் கிண்ணியாவில் படிப்பிக்கிற என் சிநேகிதியிடம் கொடுத்தேன். அவளுக்கும் கடைசிக் கதையில் ஒரு பெண் இறைவனிடம், ஒருமுறை பெண்ணாகப் பிறந்து பாருங்கள் என்று மன்றாடுவதுதான் தைத்திருக்கிறது. “இதை உம்மாட்ட வாசிச்சுக் காட்டினன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, இதத்தானே நானும் கேக்கிறன் எண்டு சொன்னா” என்றாள். எனக்கு முதல் கதைதான் நின்றது. மனைவி மேல் உயிரையே வைத்திருப்பதாகப் பேசுகிற கணவன், அவள் போனபின் எவ்வளவு சீக்கிரம் அடுத்த கலியாணம் செய்கிறான் என்பது. மொழிபெயர்ப்பாளர் ஊர்ச் சொற்களை அப்படியே விட்டிருக்கிறார், சரிவான எழுத்தும் இல்லை, அடிக்குறிப்பும் இல்லை. எனக்கு அது நல்ல முடிவாகப் பட்டது.

தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ ஐப்பசியில் முடித்தது. 2023க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். பெயர் கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டிலிருந்து. கொங்குப் பேச்சு எனக்குப் புதிது, சொல்லுக்குச் சொல் நிறுத்தி ஊகித்து ஊகித்துப் போனேன். குடிநாவிதர் குடும்பம் ஒன்றில் மாமா இறந்துபோக, சொந்தமெல்லாம் வந்து கூடுகிறது. எங்கள் ஊர்ச் செத்தவீடுகளில் எல்லா வேலையையும் செய்து முடித்துவிட்டுப் படலைக்கு வெளியே தள்ளி நிற்கும் மனிதரை நான் எத்தனை தரம் கண்டிருக்கிறேன். அவருக்கு ஒரு வீடு, அங்கேயும் ஒரு சாவு, அழ ஆட்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த வரியை எழுதிவிட்டு அன்று வேறு எதுவும் எழுதவில்லை.

அடுத்தது ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’. 2024க்கான அகாதெமி விருது பெற்ற ஆய்வு நூல். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சுதேசிக் கப்பல் விட்டவர் வ.உ.சி. அந்தக் கதையின் மறுகரையில் இருப்பவர்கள் நாம் என்பதால் இதை வாசிக்க ஆவலாக இருக்கிறது. சென்னைக்குப் போயிருக்கிற மாமி வருகிற கிழமை கொண்டுவருவா. கொப்பியில் ஏழு என்று இலக்கம் போட்டு, பெயரையும் எழுதி, பக்க எண்ணுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.